பக்கத்து நாடு

பேச்சு வார்த்தையே அற்றுப்போன மூன்று மாதத்துக்குப் பிறகு கணவன் அன்றுதான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் செல்போன்; அதில், முன்பெல்லாம் இருவரும் முறைவைத்து ஆடிய நாடுபிடிக்கும் விளையாட்டு.

"பக்கத்து நாட்ட ஒழிச்சுக்கட்டணும். ஆனா சமாதான ஒப்பந்தம் இருக்கு. நான் படையெடுத்தா மத்த நாடெல்லாம் என்னைத் துரோகின்னு ஒதுக்கிடும். என்ன பண்றது?"

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"இதுகூடத் தெரியாதா? நீங்க கை வைக்கக் கூடாது. எல்லையில படைய நிறுத்தி, ஒவ்வொரு முறையும் சீண்டிக்கிட்டே இருங்க. பொறுக்க முடியாம அவங்களே முதல்ல அடிப்பாங்க. அப்புறம் உலகமே உங்க பக்கம்தான்."

"நீ கெட்டிக்காரிதான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அண்ணன், அண்ணி, மாடிவீட்டுக்காரர் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். கணவன், செத்துப்போன அவள் அப்பாவைக் குடிகாரன் என்றான். அவள் காப்பித் தம்ளர்களை எடுத்து அடுக்கினாள். திருடன் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த ஆளு செத்ததே உன்னாலதான்."

பளாரென்று அறைந்துவிட்டாள்.

கன்னத்தைத் தடவியபடி அவன் சட்டைப்பையிலிருந்து, வக்கீல் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்த விவாகரத்து மனுவை எடுத்துப் பிரித்தான்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? நான் கை வைக்கவே இல்ல."