மடங்கும் கம்பி

இந்தக் காலத்துக் கடைக்காரர்கள் பொருளைக் காட்டுவதற்கு முன்னால் பல்லைக் காட்டுகிறார்கள். குளிர்பான பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, சின்ன டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வருகிறான் விற்கிறவன். கண்ணாடி வழியாக விழும் வெயில் புதுப் பெயிண்டில் வழுக்குகிறது. டயரில் இன்னும் மண் படவில்லை. இருக்கையில் என் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள். கிளட்சுக்குக் கால் எட்டாததால் இருக்கையை முன்னால் தள்ளிக் கொடுக்கிறான். அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கும் கம்பியைப் பிடித்து உலுக்குகிறேன். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காப்பது அதுதான்.

"கெட்டி இரும்பு, ஐயா. தோப்புல கிளை இடிச்சா, இந்த ஆணிய உருவிட்டு மடக்கிக்கலாம்" என்று மடக்கியும் காட்டுகிறான். என் மகனும் கிளைக்காகத்தான் மடக்கினான். வாய்க்கால் கரையில் வண்டி புரண்டபோது அது மடங்கியே கிடந்தது.

"மடங்காத கம்பி இருக்கா, தம்பி?"

"இப்ப எல்லாமே இப்படித்தான் வருது, ஐயா."

மருமகள் இறங்கி, கம்பியை நிமிர்த்தி, ஆணியைச் செருகுகிறாள். "நான் மடக்க மாட்டேன், மாமா."

"அவனும் இதையேதாம்மா சொன்னான்."

திறக்காத பாட்டிலை டயர்மேல் வைத்துவிட்டு வாசலுக்கு நடக்கிறேன். ஆணியை அவள் இன்னொரு தடவை அழுத்தும் சத்தம் பின்னால் கேட்கிறது. தோப்பில் கிளைகள் இன்னும் தாழ்வாகத்தான் தொங்குகின்றன.