எல்லாருக்கும் சிவப்பு

"என் பொண்ணுக்குச் சொத்தைப் பல்லா? கண்ணைத் திறந்துதான் பார்த்தீங்களா டாக்டர்?"

மகளோடு வந்த ஒரு அம்மா போட்ட சத்தத்தில் வகுப்பறையே அதிர்ந்தது.

பள்ளியில் பல் பரிசோதனை. நல்ல பல்லுக்குப் பச்சை ஸ்டிக்கர், சொத்தைக்குச் சிவப்பு. நேற்றே தலைமையாசிரியை மைக்கில் சொல்லிவிட்டார்.

ஆனால் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த பிள்ளைகள் அத்தனை பேர் சட்டையிலும் சிவப்பு!

"எல்லாப் பிள்ளைக்குமா சொத்தை? ரெண்டு வேளையும் பக்கத்துல நின்னு தேய்க்க வைக்கிறேன் நான்!"

"வழியை மறைக்காதீங்கம்மா. அடுத்து!" டாக்டர் நிமிரக்கூட இல்லை.

"இவர் நிஜமாவே டாக்டர்தானா தம்பி?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

எனக்கும் அதே சந்தேகம்தான். நான் பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். எனக்கே பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியும்.

ஆனால் என் கவலை வேறு. என் தங்கச்சி. ஒன்றாம் வகுப்பு. முன்பல் எல்லாம் கறுப்பு. வகுப்பில் வைத்த பெயர் 'கரிவாய்'. பேசினாலும் சிரித்தாலும் கை தானாக வாயை மூடிக்கொள்ளும். இன்றைக்கு வரவே மாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள். அம்மா வேலைக்குப் போய்விட்டார். நான்தான் இழுத்து வந்தேன். வழியெல்லாம் ஒரே புலம்பல்.

"எனக்கு மட்டும் சிவப்பு ஒட்டுவாங்கண்ணா..."

"ஒட்டினா பிச்சு எறிஞ்சிடலாம், வா."

குனிந்த தலை நிமிராமல் நின்றவளின் முறை வந்தது. வாயைத் திறந்தாள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்த மாதிரியே காதில் ஏதோ சொல்லி, ஸ்டிக்கரை ஒட்டினார். பிறகு என்னைக் குனியச் சொன்னார்.

"வலியைப் பொறுத்துக்கிட்டு இருக்கா. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. பால் பல்லுதானே, விழுந்துடும்னு விட்டா அடியில வர்ற பல்லும் கெட்டுடும்பா."

தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். சுற்றிலும் சிவப்பு. 'கரிவாய்' என்று பெயர் வைத்த பையன் சட்டையிலும் சிவப்பு.

வாயை மூடப்போன கை பாதியில் நின்றது.

"அண்ணா, எல்லாரும் என்னை மாதிரிதானா!" பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாச்சு!

அந்த அம்மா விடுவதாக இல்லை. மகளைப் பிடித்து உலுக்கினார். "உண்மையைச் சொல்லுடி, எனக்குத் தெரியாம மிட்டாய் தின்னியா?"

"இல்லம்மா." சிறுமி எம்பி அம்மா காதில் கிசுகிசுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"என் பல்லு முத்து மாதிரி இருக்காம். டாக்டர் சொன்னார். ஆனா வெளியில சொல்லாதேன்னார். சொன்னா சொத்தைப் பல்லு இருக்கிறவங்க மனசு கஷ்டப்படுமாம்."

அந்த அம்மா மகளின் தோளை விட்டார். சிரித்துக்கொண்டிருந்த என் தங்கச்சியைப் பார்த்தார். பிறகு, தான் பாதி பிய்த்திருந்த ஸ்டிக்கரை மகள் சட்டையில் மறுபடி அழுத்தி ஒட்டினார்.

தலைமையாசிரியை விறுவிறுவென்று வந்தார்.

"டாக்டர், நல்ல பல்லுக்குப் பச்சை ஒட்டுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"சொன்னீங்க மேடம்."

மேஜை மேல் பச்சை ஸ்டிக்கர் கட்டு பிரிக்காமலே கிடந்தது.

"அடுத்து!" என்றார் டாக்டர், சிவப்பை உரித்துக்கொண்டே.