சுவரில் காயாத நீலம்

மேம்பாலத்தின் அடியில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது. சாரத்தில் நின்று ஓவியர் சுவரில் வரைகிறார்: செல்போனுக்குள் தலை கவிழ்ந்த ஒரு சிறுமி. ‘நிமிர்ந்து பார் கண்ணே’ என்று ஆளுயர எழுத்தில் மேலே எழுதியாகிவிட்டது. கீழே, கவிழ்த்த பெயின்ட் வாளியின்மேல் அவர் மகள், அவருடைய போனோடு, இருக்கும் இடம் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். திரையிலிருந்து அவள் கன்னத்தில் விழும் நீல ஒளியைப் பார்த்துப் பார்த்துச் சுவரில் வைக்கிறார். தலைக்கு மேல் பஸ்கள் அதிர்கின்றன. சட்டென்று அவள் கன்னம் இருள்கிறது. “அப்பா, சார்ஜ் போச்சு. நானும் மேல வரட்டா?” அண்ணாந்து பார்க்கிறாள். தூரிகை ஒரு கணம் நிற்கிறது. “இன்னும் கொஞ்சம்தான்டா செல்லம். அப்படியே குனிஞ்சு இரு.” குனிகிறாள். போனின் கறுத்த கண்ணாடியை அவள் கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருக்கிறது.