இடது விலாவில் ஒன்று

போவன்பள்ளி ஸ்கேன் சென்டரின் வராந்தாவில், காய்கறி லாரிகளின் இரைச்சலோடு வெயிலும் உள்ளே வந்து கிடக்கிறது. எமி அறையை விட்டு வெளியே வருகிறாள். வயிற்றில் தடவிய ஜெல்லி சேலையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பித்தப்பையில் கல் இருக்குமோ என்றுதான் வந்தார்கள். தன் மருமகளைப் பற்றித் தெலுங்கில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்த டாக்டரம்மா, கருவி இடது விலாவுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அதே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். சிறுநீரகத்தில் கட்டி மாதிரி ஏதோ தெரிகிறது, தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

“கல்லு இருக்காமா?” கணவர் சிலாஸ் பதறி எழுகிறார்.

“கல்லு இல்லையாம். ஆனா, ஏங்க…”

“ஸ்தோத்திரம் ஆண்டவரே!” அவள் கைகளைப் பற்றிக்கொண்டு அங்கேயே கண்ணை மூடிவிடுகிறார். ஜெபத்துக்கு நடுவே அவர்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. “இவளை ஒரு குறையுமில்லாம திருப்பித் தந்தீரே, அப்பா…” சவரத்துக்குத் தப்பிய நரைமயிர் ஒன்று அவர் தாடையில் நடுங்குவதை எமி பார்த்துக்கொண்டே நிற்கிறாள். ஜெபம் முடிகிறது. கண்ணைத் திறக்காமல், அவள் ஆமென் சொல்வதற்காக அவர் காத்திருக்கிறார்.