அக்கரை போகும்வரை

"மாமா, அலை பக்கவாட்டுல வந்தா படகை எப்படித் திருப்பணும்?"

படகின் அடித்தட்டில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாய்ந்திருந்த மாமனார் கண்ணைத் திறந்தார். படகுத்துறைப் படியில் வழுக்கிப் பின்மண்டையை உடைத்துக்கொண்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி ஏரிக்கு அக்கரையில். காற்றோ ஆளையே தூக்கிப்போகிற காற்று. இந்த லட்சணத்தில் மாப்பிள்ளைக்குச் சந்தேகம்!

"என்னையா கேக்கறீங்க? பன்னிரண்டு வருஷமா மீட்புப் படகுல என்னத்தைக் கிழிச்சீங்க?"

"சட்டுனு மறந்துபோச்சு மாமா."

"பேஷ்! மூக்கை அலைக்குக் கொஞ்சம் சாய்வாக் காட்டுங்க. பக்கவாட்டுல வாங்கினா, ரெண்டு பேரும் மீனுக்கு விருந்து."

மாமனார் முப்பது வருஷம் படகு ஆய்வாளராக இருந்தவர். படகில் தண்ணீர் இறைக்கிற வாளி ஓட்டையாக இருந்ததற்கே எத்தனையோ பேரைக் கரையிலேயே அழவிட்டவர். அவர் வீட்டுக்கு இப்படியொரு மாப்பிள்ளை!

பெட்ரோல் வாசனையும் ஆட்டமும் சேர்ந்து தாலாட்டின. அவருக்குக் கண் சொக்கியது.

"மாமா, லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிடவா? புழுக்கமா இருக்கு."

"தாராளமா! அப்படியே இடுப்புல ஒரு கல்லையும் கட்டிக்குங்க. நான் எம் பொண்ணுக்கு வேற வரன் பாக்கறேன்!"

மாப்பிள்ளை பல்லைக் காட்டினார். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. அந்த மட்டுக்காவது புத்தி இருந்தது. மாமனாரின் இமை மறுபடி இறங்கியது.

"அலையில இறங்கும்போது வேகத்தைக் கூட்டினா சீக்கிரம் போயிடலாம்ல?"

"ஐயோ! ஏறும்போது கொடுங்க, இறங்கும்போது குறைங்க! இல்லேன்னா மூக்கு தண்ணிக்குள்ள சொருகிடும்! ஆமா, இன்ஜினை நிறுத்தற கயிறு எங்கே? மணிக்கட்டுல மாட்டலையா? நீங்க தவறி விழுந்தா, படகு பாட்டுக்கு என்னை ஊர்வலம் கூட்டிட்டுப் போகும்!"

"ஓ, அதுக்குத்தானா இது? சாவி தொங்கவிடறதுக்குன்னு நெனச்சேன்."

மாமனாருக்கு மண்டைவலியே மறந்துபோனது. கரை வரும்வரை அவர் வாய் ஓயவில்லை.

துறையில் ஸ்ட்ரெச்சரோடு டாக்டர் காத்திருந்தார். குனிந்து, மாமனாரின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஐயா, இன்னைக்கு என்ன கிழமை?"

"கிழமை கிடக்கட்டும். முதல்ல இந்த ஆளோட லைசன்ஸைப் பிடுங்கச் சொல்லுங்க. படகைப் பத்தி ஒரு மண்ணும் தெரியலை!"

டாக்டர் சிரித்துவிட்டார்.

"கிளம்பறப்பவே எனக்குப் போன் பண்ணினார். தலையில அடி, தூங்கவிடாம பேச வெச்சுக்கிட்டே கூட்டிட்டு வாங்கன்னேன். 'கல்யாணமாகி எட்டு வருஷமா மாமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே டாக்டர்'னு தவிச்சார். அப்புறம் அவரே, 'சரி, படகு ஓட்டத் தெரியாதவன் மாதிரி நடிக்கறேன், எப்படிப் பேசாம இருப்பார்னு பாக்கறேன்'னார்."