கடல் வரைக்கும் புல்

மாமல்லபுரத்தில் புதிதாக எழும்பிய ஓட்டலுக்குப் புல்தரை போட வேண்டியிருந்தது. 1974-ஆம் வருடம். மேனேஜர் நரசிம்மன் இரண்டு புல்பத்தைகளை மேஜைமேல் வைத்து மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார்.

"இந்த மெட்ராஸ் நர்சரிப் புல் மெத்துனு அழகா இருக்கே?"

"அழகு இன்னா சார் அழகு! ஒரு உப்புக் காத்துக்குத் தாங்காது" என்றான் சிங்காரம். புல் வெட்டிவந்து பதிப்பது அவன் தொழில். "நான் கொண்டாந்தது செங்கல்பட்டு ஏரிக்கரை அருகம்புல். அலையே வந்து அடிச்சாலும் சாவாது."

"சரி, வாசலுக்கு ஒரு வண்டி கொண்டு வா."

"ஒரு வண்டியா? வெள்ளைக்காரன் வந்து எறங்குற எடம் சார். கடல் வரைக்கும் பச்சையா கெடந்தா அசந்துட மாட்டான்?"

வடக்கே சும்மா கிடக்கும் மணலை நினைத்துத்தான் அப்படிச் சொன்னான். நரசிம்மனுக்கு யோசனை பிடித்துவிட்டது.

"வடக்கே நீச்சல்குளம் வருது. தெற்கே கடல் வரைக்கும் போட்டுடலாம். பத்து வண்டி அடி."

சிங்காரத்தின் முகம் மாறியது. "தெற்கால வேணாம் சார். உப்புத் தண்ணி. புல்லு கருகிடும்."

"அலை அடிச்சாலும் சாகாதுன்னு இப்பத்தானே சொன்னே?"

"அங்க நாலு குடிசை கீது சார்."

"புறம்போக்குதானே? காலி பண்ண ஏற்பாடு பண்றேன். தெரிஞ்சவங்கன்னா நீயே முன்கூட்டிச் சொல்லிடு."

"மூணு வூட்டுல சொல்லிடுவேன் சார். குப்பம்மாகிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ஏன், சண்டைக்காரியா?"

"எம் பொஞ்சாதி சார்."