ஒன்று, இரண்டு, மூன்று

பன்னிரண்டாம் வகுப்பில் விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் பூங்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிக் கேள்வியான முப்படிச் சமன்பாட்டுக்கு 1, 2, 3 என்று மூன்று மூலங்களையும் எழுதியிருந்தது அவர் மகள் தாரணி மட்டும்தான்.

"ஏங்கண்ணு ஆஷா, விகிதமுறு மூலமே இல்லைன்னு எழுதி வெச்சிருக்கறே?"

வீரபாண்டி பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகள் ஆஷா தயங்கி எழுந்தாள். "கடைசியில உள்ள ஆறோட காரணி பிளஸ்ஸும் மைனஸுமா எட்டு இருக்கு டீச்சர். எட்டையும் போட்டுப் பாத்தேன். ஒண்ணுலயும் பூஜ்ஜியம் வரல."

"ஒண்ணைப் போட்டாலே வருமே!"

"பன்னெண்டுல்லா வருது, டீச்சர்."

பூங்கொடி அவளுடைய கேள்வித்தாளை வாங்கி ஒன்றைப் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டுதான் வந்தது. சமன்பாட்டின் கடைசியில் அவர் எழுதிக்கொடுத்த மைனஸ் ஆறு, அச்சில் பிளஸ் ஆறாகியிருந்தது.

"நீ எழுதுனதுதான் சரி. மன்னிச்சுக்க கண்ணு" என்று முழு மதிப்பெண் போட்டவரின் கை சட்டென்று நின்றது.

மைனஸ் ஆறு இருந்தால்தான் 1, 2, 3 வரும்.

அவர் மகளைப் பார்த்தார். தாரணி நிமிரவே இல்லை.

அச்சுக்குப் போய்த் திரும்பி வந்த, மைனஸ் ஆறு எழுதிய தாளும் அதன் விடைக்குறிப்பும் அவர் வீட்டு பீரோவுக்குள் மட்டும்தான் இருந்தன.